ஜன்னல் மூலைக்குச் சொன்ன அளவு

அடுத்தவர் வீட்டில் இடம் கண்டுபிடிப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. பட்டறையில் அவரை அலமாரிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஒருவர் புரண்டு படுத்தால் இன்னொருவர் எழுந்து நிற்க வேண்டிய ஒற்றை அறை வீடுகள் இருக்கின்றன அல்லவா, அங்கிருந்தெல்லாம் அவரைத் தேடி ஆள் வரும். போவார். வாசலில் நின்று அறையை ஒரு சுற்றுப் பார்ப்பார். கதவுக்குப் பின்னால் ஒன்பது அங்குலம் சும்மா கிடப்பதும், ஜன்னலுக்குக் கீழே ஒரு பெட்டி உட்காரும் என்பதும் அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். வேலை முடிந்த பிறகு அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் அறைக்குள்ளேயே விருந்தாளி மாதிரி மெதுவாக நடந்து பார்ப்பார்கள். இவ்வளவு இடத்தை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தது இந்த வீடு என்று கேட்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். கூலியைவிட அந்தக் கேள்விதான் அவருக்குப் பிடிக்கும்.

அளவெடுக்கப் போகும்போது எட்டு வருஷம் கூடவே போனவள் அவர் மனைவி. அவர் டேப்பை இழுத்து அளவைச் சொல்வார், அவள் நோட்டில் எழுதுவாள். ஒருநாள் அவளே கவனிக்காமல் கதவிடுக்கில் டேப்பை நசுக்கிவிட்டாள். முனை பிய்ந்து போயிற்று. அவர் அதை நாலு அங்குலத்தில் நேராக வெட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்த டேப் பூஜ்யத்தில் ஆரம்பிக்காது, நாலில் ஆரம்பிக்கும். எதை அளந்தாலும் நாலு அங்குலம் கூட்டித்தான் காட்டும். புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று அவர் சொன்னபோது அவள் கேட்கவில்லை.

"நாலுதானே போச்சு? நீங்க பாட்டுக்கு அதுல இருக்கறதச் சொல்லுங்க. கழிக்கறது என் வேலை."

அப்படியேதான் நடந்தது. அவள் அறையின் ஏதாவது ஒரு மூலையில் நிற்பாள், பெரும்பாலும் வெளிச்சத்துக்காக ஜன்னல் மூலையில். இவர் "அறுபத்திரண்டு" என்பார். மூலையிலிருந்து "ஐம்பத்தெட்டு" என்று பதில் வரும், எழுதும் சத்தம் கேட்கும். சொன்ன எண்ணை இவர் அந்த நிமிஷமே மறந்துவிடுவார். எண்ணைச் சுமப்பது அவள் பாடு. எட்டு வருஷத்தில் ஒரு பலகைகூட வீணாகவில்லை.

மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் அவள் இல்லை. இதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அவரும் யாரிடமும் நீட்டிச் சொன்னதில்லை. பத்து வயதுப் பெண்ணை அவருடைய அக்கா தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். காலையில் கிளம்பிப் பொழுது சாய்ந்து திரும்புகிற ஆள் எப்படித் தனியாகப் பெண்பிள்ளையை வளர்ப்பார் என்று எல்லோரும் கேட்டார்கள். பிள்ளை துணிமூட்டையோடு படி இறங்குவதை மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மாதத்தில் இரண்டு வீட்டு அலமாரிகள் நாலு அங்குலம் பெரிதாக வந்து நின்றன. கழிக்க ஆள் இல்லை என்பதே அவர் நினைவில் இல்லை. முதலாளி வாங்கு வாங்கென்று வாங்கினார். அதன் பிறகு ஒற்றைக் காலில் நின்று பழகிக்கொண்டார்: டேப்பில் பார்க்கும்போதே கண் நாலைக் கழித்துவிடும், வாய் சரியான அளவைத்தான் சொல்லும். இப்போது கூட வந்து எழுதுகிறவர் பட்டறையில் பலகை அறுக்கும் மெஷின்காரர். இவர் சொன்னதை அவர் எழுதுவார், அவ்வளவுதான். புது டேப் ஒன்றை அவரே வாங்கிக் கொடுத்தும் பார்த்தார். அலமாரிக்காரர் அதைப் பெட்டியில் போட்டு மூடினார்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்ப்பார். பிள்ளை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயரமாகவும் கொஞ்சம் மரியாதையாகவும் ஆகிக்கொண்டிருந்தாள். மரியாதைதான் அவரை உறுத்தியது. சொந்த அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "வேற ஏதாவது வேணுமாப்பா?" என்று கேட்டால் எந்த மனிதனுக்குத் தாங்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவள் புருஷனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். ரயிலில் ஒன்றரை நாள் பயணம்.

"மாசக் கடைசியில கிளம்பறோம். பாப்பாவையும் கூட்டிட்டுப் போறேன்."

"நான் வச்சுக்கறேன்க்கா."

"எங்கடா வச்சுப்ப? அந்த ஒரு ரூம்லயா? வயசுக்கு வரப்போற பொண்ணுடா அவ. படிக்க ஒரு இடம், படுக்க ஒரு இடம், இழுத்து விட்டுக்க ஒரு திரை. இந்த மூணையும் எனக்குக் காட்டு. நானே கொண்டுவந்து விட்டுட்டுப் போறேன்."

அவருக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது. இதைத்தானே ஊருக்கெல்லாம் செய்து கொடுக்கிறார்?

வீட்டுக்கு வந்ததும் வேலையில் இறங்கினார். பத்தடிக்குப் பதினோரடி அறை. ஒரு பக்கம் அடுப்பு மேடை, எதிரே அவர் படுக்கும் கட்டில். ஜன்னல் பக்கத்தில் சுவர் உள்வாங்கி ஒரு குழிவு இருந்தது, மூன்று பக்கமும் சுவர். அங்கே நெஞ்சுயரத்தில் ஒரு பரண்கட்டில். எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றரை அங்குலச் சட்டம் அடித்து, குறுக்கே பலகையை வைத்து முடுக்கினால் யானை ஏறினாலும் அசையாது. மேலே படுக்கை, கீழே மேசை, முன்னால் திரை. அக்கா கேட்ட மூன்றும் ஒரே குழிவில் அடங்கிவிட்டன.

அதற்கு முன்னால் அறையைக் காலி செய்தார். கிழிந்த பாய், மூடி இல்லாத டப்பாக்கள், நின்றுபோன கடிகாரம் எல்லாம் வெளியே போயின. பாத்திர மூடிகளை அலமாரிக் கதவின் உட்புறம் கம்பி போட்டு மாட்டினார். குடைக்கு ஒரு கொக்கி, வாளிக்கு ஒரு கொக்கி. மூன்று நாளில் அறை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. பிறகு டேப்பை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில் நேரம். குழிவின் ஒரு சுவரில் வெட்டுமுனையை அழுத்தி, மறுசுவர் வரை இழுத்தார். பார்த்தார், சொன்னார், எழுதினார். சீட்டை மறுநாள் மெஷின்காரரிடம் கொடுத்தார். எழுபது அங்குலம்.

பலகை வந்தது. மாடிப்படியில் இருவருமாகத் தூக்கிவந்து சட்டத்தின் மேல் ஏற்றினார்கள். ஒரு முனை உட்கார்ந்தது. மறுமுனை அந்தரத்தில் நின்றது, சுவரைத் தொடாமல், சட்டத்தையும் தொடாமல்.

"எவ்வளவு குறையுது?" என்றார் மெஷின்காரர்.

அலமாரிக்காரர் கையை நுழைத்துப் பார்த்தார். நாலு விரலை அகட்டி வைத்தால் சரியாக அடைந்தது. "நாலு இஞ்ச். தப்பா அறுத்துட்டீங்க."

மெஷின்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சட்டைப்பையிலிருந்து தன் டேப்பை எடுத்துப் பலகையை அளந்து காட்டினார். எழுபது, நூல் பிசகவில்லை. சீட்டையும் எடுத்து நீட்டினார். "உங்க சீட்டுல என்ன இருக்கோ அதான் பலகையில இருக்கு. என்னைச் சொல்லாதீங்க." வேலை நேரம் போகிறது என்று முனகிக்கொண்டே படி இறங்கிப் போய்விட்டார்.

தனியானதும் அலமாரிக்காரர் மறுபடி குழிவை அளந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளந்தார் என்றே சொல்லலாம். அளவைச் சொல்லி, நோட்டில் எழுதி, எழுதியதைப் பார்த்தார். எழுபது. பலகையும் எழுபது. எழுபது அங்குல இடத்துக்குள் எழுபது அங்குலப் பலகையை வைத்தால் நாலு அங்குலம் மிச்சம் நிற்கிறது. இருபது வருஷத் தொழிலில் அவர் இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

ஒட்டுக்கட்டை வைத்து அடித்துச் சமாளித்திருக்கலாம். வேறு ஆளாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பான். பிள்ளை நெஞ்சுயரத்தில் படுக்கப்போகிற பலகை அது. ஒட்டுப்போட்ட கட்டிலில் அவளை ஏற்ற அவருக்கு மனசில்லை.

பலகையைச் சுவரோரம் சாய்க்கப் போனபோதுதான் அடுப்பு மேடைக்கு மேல் இருந்த தட்டு கண்ணில் பட்டது. அவர் செய்ததுதான், போன வருஷம். அதற்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடைவெளி. அதில் முறத்தைச் செருகி வைத்திருந்தார், வசதியாகத்தான் இருந்தது. விரல்களை வைத்துப் பார்த்தார். நாலு. துணி அலமாரிக்குப் பக்கத்தில் துடைப்பம் நிற்கிற சந்து. நாலு. செருப்புத் தட்டு, நாலு. மூன்றும் அவள் போன பிறகு இந்த வீட்டுக்கென்று அவர் செய்தவை. அவள் இருந்தபோது செய்த பெரிய பெட்டி மட்டும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றது, ஒரு தாள் நுழைய வழியில்லை.

இடைவெளிகள் எல்லாம் ஜன்னல் மூலைப் பக்கமாகவே விழுந்திருந்தன. எல்லாவற்றையும் நெருக்கி ஒன்றாக்கினால் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கலாம். அந்த நினைப்பு வந்ததும் பட்டப்பகலில் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எதிர்வீட்டில் ஒரு நர்ஸ் குடியிருந்தாள். இரவு டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் எதிர்ப்பட்டாள்.

"அண்ணே, உங்க அக்கா வந்திருந்தாங்களா ஞாயித்துக்கிழமை?"

"இல்லையேம்மா. நான் மட்டும்தான் இருந்தேன்."

"தூக்கத்துல கேட்டேன் போல. நீங்க ஒரு நம்பர் சொன்னீங்க. உள்ள யாரோ ஒரு பொம்பள சன்னமா இன்னொரு நம்பர் சொன்னாங்க. சரி, கணக்கு வேலை ஏதோ நடக்குதுன்னு திரும்பிப் படுத்துட்டேன்."

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பயம் ஒரு பக்கம் என்றால், பயத்துக்குக் கீழே வேறொன்று இருந்தது. அதைச் சந்தோஷம் என்று சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. வீட்டுக்குள் போய் ஜன்னல் மூலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அங்கே வெயில் மட்டும் விழுந்திருந்தது. "இருக்கியா?" என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்டு, பதில் வந்தால் என்ன செய்வது? வராவிட்டால்தான் என்ன செய்வது? கேட்காமலே சமைக்கப் போனார்.

மாசக் கடைசிக்குப் பத்து நாள் இருந்தது. பெட்டியைத் திறந்து, மெஷின்காரர் கொடுத்த புது டேப்பை எடுத்தார். முழு டேப், பூஜ்யத்தில் ஆரம்பிப்பது. 'இதில் கழிக்க வேண்டாம், கழிக்க வேண்டாம்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இழுத்தார். பார்த்தார், சொன்னார், எழுதினார். நோட்டைக் கண்ணருகே கொண்டுவந்தார்.

எழுபது.

இனி என்ன சந்தேகம்? இரண்டு டேப்பும் ஒன்றையே சொல்கின்றன. முதல் பலகை ஈரத்தில் சுருங்கியிருக்கும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டார். பிளைவுட் நாலு அங்குலம் சுருங்காது என்பது அவருக்குத் தெரியாதா! இன்னொரு பலகை அறுக்கச் சொன்னார். அக்காவையும் பிள்ளையையும் சனிக்கிழமை மத்தியானம் வரச் சொன்னார். அவர்கள் முன்னாலேயே ஏற்றிக் காட்டிவிடலாம் என்று ஓர் அசட்டுத் தைரியம்.

வந்தார்கள். அக்கா அறையைச் சுற்றிப் பார்த்து, மூடிகள் தொங்குவதையும் கொக்கிகளையும் பார்த்து, "பரவாயில்லையே" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. பிள்ளை வாசலோரம் நின்றாள். அலமாரிக்காரரும் மெஷின்காரரும் பலகையைத் தூக்கினார்கள். ஒரு முனை உட்கார்ந்தது. மறுமுனையை விட்டார்கள்.

பலகை சட்டத்தைத் தொடாமலே தடாலென்று தரையில் இறங்கியது. கீழே மேசை போடப்போகிற இடம், பிள்ளை உட்கார்ந்து படிக்கப்போகிற இடம்.

மெஷின்காரர் தன் கால் விரல்களை எண்ணிப் பார்ப்பது போலக் கீழே குனிந்துகொண்டார். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"இதுலயாடா என் பிள்ளையப் படுக்க வைக்கப் போற?"

"அக்கா, நான் சொன்னா நம்ப மாட்டே." அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "ரூம் பெருசாகுதுக்கா. நான் அளக்கும்போது ஒண்ணா இருக்கு, பலகை வந்தா நாலு இஞ்ச் கூடிடுது. எதைச் செஞ்சாலும் நாலு. யாரோ எடம் விட்டு வைக்கச் சொல்ற மாதிரி."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. அக்கா பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கோபம் எல்லாம் வடிந்து, அவள் கண்ணில் இப்போது பயம்தான் இருந்தது. தம்பியைப் பார்த்து அவள் அப்படிப் பயந்து அவர் பார்த்ததில்லை.

"தம்பி, நீ முதல்ல யாராவது டாக்டரப் பாரு. செவ்வாய்க்கிழமை லாரி வருது. பாப்பா எங்களோட வர்றா. இதுல இனிமே பேச்சே கிடையாது."

"அத்தே," என்றாள் பிள்ளை. அதுவரை வாய் திறக்காதவள். "நாளைக்கு ஒரு தடவை அப்பா அளக்கறத நான் பாக்கறேன்."

"நீ பார்த்து என்ன ஆகப்போகுது?"

"அம்மா கூட நான் நிறைய வீட்டுக்குப் போயிருக்கேன் அத்தே. பாக்கறேனே."

அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். பிள்ளை பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில், நாளைக்கு மத்தியானம் ஒரு மணி நேரம், அதுவும் அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பாள் என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அதே வெயில். அக்கா கதவைத் திறந்து வைத்து, படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளை அவர் கட்டிலின் ஓரத்தில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்தாள். அவர் பழைய டேப்பையே எடுத்தார். இழுத்தார், பார்த்தார், சொன்னார், எழுதினார்.

நிமிர்ந்தபோது பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா?"

"அப்பா, யாருக்குச் சொன்னீங்க?"

"எதை?"

"அளவ. அந்தப் பக்கம் திரும்பி," அவள் ஜன்னல் மூலையைக் காட்டினாள், "எழுபத்திநாலுன்னு சத்தமா சொன்னீங்க. அப்புறம் கொஞ்ச நேரம் காத்துட்டு நின்னீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் எழுபதுன்னு சொன்னீங்க. மெதுவா. அம்மா மாதிரி." அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா மாதிரின்னா, அப்படியே அம்மா மாதிரிப்பா. அப்புறம்தான் எழுதினீங்க."

அவர் நோட்டைப் பார்த்தார். எழுபது. ஏழின் நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு இருந்தது. அவர் ஏழுக்குக் கோடு போடுகிறவர் இல்லை. பக்கங்களைப் புரட்டினார். முதலாளிக்காக எழுதிய கணக்கு, ஸ்க்ரூ வாங்கிய பட்டியல், அங்கெல்லாம் ஏழுகள் மொட்டையாகத்தான் நின்றன. இந்த வீட்டுக்கென்று எழுதிய பக்கங்களில் மட்டும் ஒவ்வொரு ஏழுக்கும் கோடு. கோடு போட்ட ஏழு யாருடையது என்று அந்த அறையில் இருந்த இருவருக்கும் தெரியும்.

இதில் விளங்காதது ஒன்றுமில்லை. கண் ஒரு நாலைக் கழித்துவிடுகிறது, அது அவர் பழகிக்கொண்டது. வாய் சொல்லிவிடுகிறது. பிறகு பழைய பழக்கத்தில் பதிலுக்குக் காத்திருந்து, பதிலையும் தானே சொல்லி, இன்னொரு நாலு கழிகிறது. புது டேப்பில் கண் கழிக்கவில்லை, ஆனால் பதில் கழித்துவிட்டது. அடுத்தவர் வீட்டில் மெஷின்காரர் கையில் நோட்டு இருப்பதால் பதிலுக்கு இடமில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக வருகிறது. சரியாக வருவதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இரண்டு வருஷமாக அவள் இந்த அறையில் நின்று கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அவருக்குத் தெரியாமலே அவருக்குத் துணை இருந்தது. அது தன் வாய்தான், தன் கைதான் என்று இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் அவள் போய்விடுவாள். ஒப்புக்கொள்ளாவிட்டால் செவ்வாய்க்கிழமை பிள்ளை போய்விடும்.

பிள்ளை கட்டிலிலிருந்து இறங்கினாள். அவர் கையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் வாங்கிக்கொண்டு ஜன்னல் மூலைக்கு நடந்தாள்.

"அங்க வேண்டாம்மா!" அவர் கத்தியே விட்டார். படியில் அக்கா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா?"

அங்கே ஆள் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? பிள்ளை ஒரு கணம் தயங்கினாள். அவளுக்கும் பயம்தான்; நோட்டை மார்போடு அணைத்திருந்தாள். இருந்தாலும் போய் மூலையில் நின்று, வெயில் பக்கம் நோட்டைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் இரண்டு சுவரிலும் பட்டது.

"டேப்புல இருக்கறத அப்படியே சொல்லுங்கப்பா. கழிக்கறது என் வேலை."

அதே வார்த்தை. எப்போதோ கேட்டு வைத்திருந்திருக்கிறாள். அவர் டேப்பை இழுத்தார். கண் பழக்கப்படி கழிக்கப் பார்த்தது. அதைப் பிடித்து நிறுத்துவது ஓடுகிற மாட்டைப் பிடித்து நிறுத்துவது போல இருந்தது. உதடு இரண்டு முறை திறந்து மூடியது.

"எழுபத்தெட்டு," என்றார்.

மூலையிலிருந்து பதில் வந்தது. மெல்லிசாக, கொஞ்சம் நடுக்கத்தோடு.

"எழுபத்திநாலு."

பென்சில் தாளில் ஓடும் சத்தம் கேட்டது. அலமாரிக்காரர் டேப்பைப் பிடித்தபடியே சுவரில் நெற்றியை வைத்து அழுதார். அக்கா எழுந்து உள்ளே வந்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. தம்பி அழுவதை மட்டும் இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் பார்க்கிறாள். முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை மத்தியானம் மூன்றாவது பலகை வந்தது. மெஷின்காரர் இந்தத் தடவை பலகைக்கு அடியில் காலை வைக்காமல் தள்ளியே நின்றார். ஒரு முனை உட்கார்ந்தது. மறுமுனை சுவரை உரசி, ஒரு தட்டுத் தட்டியதும் கச்சிதமாக இறங்கிச் சட்டத்தில் படிந்தது. முடுக்கிய பிறகு அக்கா முக்காலியைப் போட்டு ஏறினாள். கொஞ்சம் கனத்த உடம்பு. நட்டநடுவில் உட்கார்ந்து இரண்டு தடவை எம்பிப் பார்த்தாள். பலகை முனகக்கூட இல்லை.

"திரைத்துணி நான் தைச்சுத் தர்றேன்," என்றாள், இறங்க வழி தெரியாமல் மேலேயே உட்கார்ந்துகொண்டு.

செவ்வாய்க்கிழமை லாரி பிள்ளை இல்லாமல் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளையின் புத்தகங்களுக்கு மேசைக்கு மேலே ஒரு தட்டு வேண்டியிருந்தது. மற்ற மூன்று இடைவெளிகளையும் அடைத்துவிடலாமா என்று அவள் முந்தின நாளே கேட்டாள். வேண்டாம், துடைப்பம் வைக்க வசதியாக இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். குழிவுக்குள் குனிந்து பழைய டேப்பை இழுத்தார். டேப்பில் இருந்ததை அப்படியே சொன்னார்.

"இருபத்தாறு."

பதில் வரவில்லை. அவர் காத்திருந்தார். தெருவில் ஒரு சைக்கிள் மணி, பக்கத்தில் குழாய் சொட்டும் சத்தம், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தார். ஜன்னல் மூலையில் வெயில் இருந்தது, நோட்டு தரையில் கிடந்தது. பிள்ளை வெளிக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மூலையில் யாரும் இல்லை. நர்ஸ் சொன்ன நாளில்கூட அவர் இப்படிப் பயந்ததில்லை. பதிலைத் தானே சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். டேப்பை மட்டும் விடவில்லை.

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பிள்ளை வாசலில் வந்து நின்றாள்.

"கூப்பிட்டீங்களாப்பா?"

"இல்லம்மா. அளவு சொன்னேன்."

"அய்யோ, நான் வெளிய இருந்தேன். இருங்க, வர்றேன்." அவள் ஓடிவந்து நோட்டை எடுத்துக்கொண்டு மூலையில் போய் நின்றாள். "ம், இப்ப சொல்லுங்க."